பெரியப்பாவுக்கு முன்னால் கிளம்பிய வெற்றிலைப் பெட்டி

போன வியாழக்கிழமை மத்தியானம் ரங்கூன் ஜெட்டியில் ஒரு பெண்பிள்ளை படகில் நின்றுகொண்டு, கரையில் இருந்த பெரியவரிடம் தொண்டை கிழியப் பேசினாளாம். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க... அவள் யார் வீட்டுப் பெண் என்று பசுந்தாங் மார்க்கெட்டில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிரமப்பட வேண்டாம். அது நான்தான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்கிறேனே, அதே ஆள்தான். சத்தம் போட்டதில் எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன். கூடவே, வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில யோசனைகளும் உண்டு. மாசி பிறந்துவிட்டது. உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகை இப்போது சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கல்யாணம் என் தம்பி சுந்தரத்துக்கு. அலோனில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தாவாக இருக்கிறான். பெண் விசாலாட்சி, த்வாண்டே பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அவள் அப்பா அங்கே நெல் விவசாயிகளுக்கு உப்பு, புளி, மண்ணெண்ணெய் விற்கிற கடை வைத்திருக்கிறார்.

த்வாண்டேதானே, லாஞ்ச் ஏறினால் போச்சு என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். லாஞ்ச் பெரிய கால்வாய் வழியாகப் போய் த்வாண்டே ஊரில் இறக்கிவிடும். பெண் வீடு அங்கே இல்லை. பெரிய கால்வாயிலிருந்து பிரிகிற ஒரு சவுங்கின் கடைசியில் இருக்கிறது. சவுங் என்றால் நம் ஊர் ஓடை மாதிரி. வண்டிப்பாதை கிடையாது. கடல் ஏற்றம் வரும்போது அதில் தண்ணீர் நிறையும், சம்பான் படகு ஜம்மென்று போகும். ஏற்றம் வடிந்துவிட்டால்? சேறு. முழங்கால் வரை வாங்குகிற சேறு.

இந்தச் சேற்றில்தான் விசாலாட்சியின் முதல் கல்யாணம் நின்றுபோனது.

மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரிந்த கதை. முன்பு ஒரு வரன் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் ரங்கூனிலிருந்து படகில் கிளம்பினார்கள். கிளம்புகிற நேரத்தில் ராகு காலம். அது கழியட்டும் என்று கரையிலேயே உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். ராகு காலம் கழிந்தது, கூடவே ஏற்றத்தில் பாதியும் கழிந்தது. சவுங்குக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் வடிந்து படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ராத்திரி ஏற்றத்தில் மிதந்ததாம், ஆனால் மாசிப் பனியில் வழி தெரியாமல் வேறொரு சவுங்கில் புகுந்து, விடியும்போது மறுபடி சேறு. வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். முகூர்த்தம் போய் வெகு நேரமாகிவிட்டது.

சரி, வேறு முகூர்த்தம் பார்த்திருக்கலாம் அல்லவா? பார்க்கவில்லை. “சகுனமே சரியில்லை, இந்தப் பெண் வேண்டாம்” என்று மாப்பிள்ளையின் அப்பா அதே படகில் திரும்பிவிட்டார். தாமதமாக வந்தது அவர்கள். ராசி இல்லாதவள் என்று பேர் வாங்கியது இவள். எப்படி இருக்கிறது நியாயம்?

நாங்கள் நிச்சயத்துக்குப் போனபோது விசாலாட்சி அதிகம் பேசவில்லை. எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அண்ணி, தண்ணி ஏறும்போதே வந்துருவீகளா?”

நகையைப் பற்றிக் கேட்கவில்லை, புடவையைப் பற்றிக் கேட்கவில்லை. “வருவோம்” என்றேன். சொன்ன அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். என்ன ஆனாலும் சரி, யார் தலைகீழாக நின்றாலும் சரி, எங்கள் படகு ஏற்றத்தோடு போகும். இரண்டாவது தடவையும் ஒரு படகு தவறினால், அந்தப் பெண்ணை இந்த ஜில்லாவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தலைகீழாக நிற்கப் போகிறவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா.

அப்பா காலமாகிவிட்டதால் மணையில் மாப்பிள்ளையைப் பெற்றவர் ஸ்தானத்தில் உட்கார வேண்டியவர் அவர். நல்ல மனுஷர். பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். இத்தனைக்கும் ரயில்வேயில் வேலை பார்த்து ரிடயர் ஆனவர். அவர் வேலை பார்த்த ரயில் எதுவும் ராகு காலத்துக்காக ஸ்டேஷனில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். சுந்தரத்துக்கு மில்லில் வியாழக்கிழமையிலிருந்துதான் லீவு. அன்றைக்கு ஏற்றம் எப்போது தொடங்கும்? படகுக்காரர் கோ சானிடம் கேட்டேன். மத்தியானம் ஒன்றே முக்காலை ஒட்டி என்றார். வியாழக்கிழமை ராகு காலம் எப்போது? ஒன்றரையிலிருந்து மூன்று. ராகுவும் ரங்கூன் ஆறும் கூடிப் பேசி வைத்தாற்போல இருந்தது.

பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “மூணு மணிக்குக் கெளம்பிட்டாப் போச்சு.”

“மூணு மணிக்குக் கெளம்புனா சேத்துலதான் நிப்போம் பெரியப்பா.”

“அப்ப ஏத்தத்துக்கு முன்னாடியே கெளம்பு.”

“எதிர்த் தண்ணியில படகு நகராதே.”

“ஏறி உக்காந்துக்கிட்டா கெளம்பின மாதிரிதானே” என்று பெரியம்மா உள்ளேயிருந்து சொன்னாள். பெரியம்மா ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவாள். நாலும் உருப்படியாக இருக்கும்.

பெரியப்பா யோசித்தார். ஒன்றரைக்கு முன்னால் எல்லோரும் படகில் ஏறிவிடுவது, ஏற்றம் வந்ததும் படகு நகர்வது, இதற்கு ஒப்புக்கொண்டார். அப்புறம் வியாழக்கிழமை தெற்கே சூலம் ஆயிற்றே, த்வாண்டே தெற்கா மேற்கா என்று ஒரு விவாதம். மேற்கு என்றேன் நான். தென்மேற்கு என்றார் அவர். கடைசியில் சூலத்துக்குப் பரிகாரமாகத் தைலம் தொட்டு வைத்துக்கொண்டு கிளம்புவதாகத் தீர்மானம் ஆயிற்று.

இங்கேதான் உங்களுக்கு என் முதல் யோசனை. படகில் போகிற கல்யாணமா? தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று முதலில் கேளுங்கள். பஞ்சாங்கத்தை அப்புறம் பிரியுங்கள். நான் கேட்கிறேன், பத்திரிகையில் முகூர்த்த நேரம் போடுகிறோம், விருந்து நேரம் போடுகிறோம்... ஏற்றம் எத்தனை மணிக்கு என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? எங்கள் வீட்டு அடுத்த பத்திரிகையில் கண்டிப்பாகப் போடப்போகிறேன்.

அடுத்தது உடை. பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு சம்பானில் ஏறாதீர்கள். பலகை ஈரமாக இருக்கும், விளிம்பில் தார் இருக்கும். நூல் புடவை போதும். ஆண்கள் கைலி கட்டிக்கொள்ளுங்கள், பர்மாவில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பட்டு, ஜரிகை எல்லாம் ட்ரங்குப் பெட்டியில் மெழுகுத்துணி சுற்றி வரட்டும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளப் பழகுங்கள். குடிக்கத் தண்ணீரும், கெட்டுப்போகாத புளிச்சோறும் இருக்கட்டும். தயிர்ச்சோறு வேண்டாம், மாசி வெயிலில் புளித்துவிடும். கொசுவலை மறந்தால் முகூர்த்தத்தன்று உங்கள் முகத்தை உங்களுக்கே அடையாளம் தெரியாது.

பரிசுப்பொருளா? மடியில் வைத்துக்கொள்கிற அளவுக்குத்தான் வாங்க வேண்டும். சுந்தரத்தின் சிநேகிதர் ஒருவர் கிராமபோன் பெட்டி கொண்டுவந்தார். புனல் தனி, பெட்டி தனி. அந்தப் புனலை நான்கு மணி நேரமும் வெயிலுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பது வேறு விஷயம்.

திருமாங்கல்யமும் கூறைப்புடவையும் இருக்கிற பெட்டியை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் காலுக்கடியிலேயே இருக்கட்டும். பலகாரக் கூடையோடு அதைச் சேர்த்துக் கட்டுகிறவர்களை என்ன சொல்வது... பலகாரக் கூடையைத்தான் வழியெல்லாம் பிரித்துக்கொண்டே வருவார்கள்.

வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலையில் பசுந்தாங்கில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன், பெண்களை முதலில் அழைத்துக்கொண்டு போக. பெரியப்பா பூஜையில் இருந்தார். முடித்துக்கொண்டு தனியாக வருவதாகச் சொன்னார். அவர் தனியாகக் கிளம்புவதென்றால் சகுனம் பார்ப்பார். பசுந்தாங்கில், கருவாட்டுக் கடைகள் இருக்கிற தெருவில், பூனை குறுக்கே வராமல் இருந்தால்தான் அதிசயம்.

கூடத்தில் அவருடைய வெற்றிலைப் பெட்டி இருந்தது. பித்தளைப் பெட்டி, அது இல்லாமல் அவர் திடமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். அதைக் கையில் எடுத்தேன். பெரியம்மா என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

“கொண்டு போ. பின்னால உதவும்” என்றாள்.

ஒன்றரைக்கு வெகு முன்பே நாங்கள் எல்லோரும் படகில். மாப்பிள்ளை, மேளக்காரர்கள், சொந்தங்கள், கிராமபோன் புனல். பெரியப்பா மட்டும் இல்லை. ஒன்றரையும் ஆனது. அப்புறம் கொஞ்ச நேரத்தில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. நிதானமாக இறங்கினார்.

“பூனை” என்றார். விஷயம் முழுக்க அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டது. வண்டி தெரு முனை திரும்பியதும் பூனை குறுக்கே போயிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பியிருக்கிறார்.

“ஏறுங்க பெரியப்பா.”

கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “ராகு காலம் வந்துருச்சு. மூணு மணிக்கு ஏறுறேன். எல்லாரும் எறங்கி நெழல்ல உக்காருங்க.”

மேளக்காரர்களில் ஒருவர் எழுந்தே விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரை உட்காருங்கள் என்று அதட்டினேன். அப்போதுதான் நான் படகில் எழுந்து நின்றது. நீங்கள் கேள்விப்பட்ட சத்தம் இனிமேல்தான்.

“ஒருத்தரும் எறங்கக் கூடாது. பெரியப்பா, மொத தடவை வந்தவுகளும் இப்படித்தான் நெழல்ல உக்காந்தாக. உங்களுக்கு ராகு காலம் ஒண்ணரை மணி நேரம். அந்தப் பொண்ணுக்கு அது ஆயுசுக்கும்.”

“அபசகுனமாப் பேசாத ராஜம். நல்ல காரியத்துக்கு நல்ல நேரம் பாக்க வேணாமா? நான் உன் தம்பி நல்லா இருக்கணும்னுதானே சொல்றேன்.”

அதுவும் உண்மைதான். அவருடைய குரலில் பயம் இருந்தது. தம்பி பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்கிற பயம். பயத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, அதன் வழியிலேயே போய்த்தான் திருப்ப வேண்டும்.

கோ சான் கழியை ஊன்றியபடி என்னிடம் தமிழில் சொன்னார்: “அம்மா, தண்ணி வருது. போலாம்.” ரங்கூனில் படகுக்காரர்களுக்கும் நம் பாஷை கொஞ்சம் வரும்.

துண்டை விலக்கினேன். வெற்றிலைப் பெட்டியை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

“பெரியப்பா, இது யாருது?”

இடுப்பைத் தடவிப் பார்த்தார். வண்டியைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அதைத் தேடியிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“இது காலையிலேயே, நல்ல நேரத்துல, உங்க வீட்டு வாசப்படியைத் தாண்டிருச்சு. பரஸ்தானம் வச்சாச்சு. நீங்க கெளம்பி ரொம்ப நேரம் ஆச்சு பெரியப்பா. இப்ப உங்க பெட்டி பின்னால வந்து சேர்றீக, அவ்வளவுதான்.”

பரஸ்தானம் தெரியாத இளவட்டங்களுக்காக ஒரு வார்த்தை. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், நாம் உபயோகிக்கிற பொருள் ஒன்றை அந்த நல்ல நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். நம் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். பூட்டையும் செய்தார்கள், கூடவே சாவியையும் செய்து வைத்தார்கள். நாம்தான் பூட்டை மட்டும் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

பெரியப்பா லேசில் விடுகிறவரா?

“எப்ப எடுத்த?”

“நீங்க பூஜையில இருக்கையில. எமகண்டம் எல்லாம் முடிஞ்சப்புறம்தான்.”

“என் கையால வைக்கணும். நீ வச்சா எப்படி?”

குனிந்து பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் படகின் பக்கத்தில் மெல்ல ஏறுவது தெரிந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். பெரியப்பா இல்லாமல் மணை எப்படி என்று தெரியாது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம், போகாமல் இருக்க முடியாது.

“கயித்தை அவுங்க” என்றேன்.

அப்போது பெரியம்மா பேசினாள். உட்கார்ந்த இடத்திலிருந்து, குரலை உயர்த்தாமல்.

“நான்தான் எடுத்துக் குடுத்தேன். என் கையும் உங்க கையும் வேற வேறயா?”

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். கயிறு அவிழ்வதைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “வலது காலை வச்சு ஏறணும், படகைப் பிடிங்கடா” என்றார். ஏறினார். ஏறிய கையோடு பெட்டியை என்னிடமிருந்து பிடுங்கி ஒரு வெற்றிலை போட்டார்.

அப்புறம் பயணம் என்ன பயணம்... ஏற்றம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. பெரிய கால்வாயில் ஒரு லாஞ்ச் தாண்டிப் போக, அதன் அலையில் புளிச்சோற்றுப் பாத்திரம் கவிழ்ந்தது. பெரியப்பா அதற்கும் ராகுவைத்தான் சொன்னார். மூடியைச் சரியாகப் போடாதது நான் என்று சொல்லவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் சவுங்குக்குள் நுழைந்தோம். இரண்டு கரையும் நிரம்பத் தண்ணீர். திருப்பத்தில் ஒரு மரப்பாலம், அதன்மேல் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். சாதாரண நூல் புடவை, தலையில் பூ இல்லை, பின்னல்கூடச் சரியாகப் போடவில்லை. யாரோ வேலைக்காரப் பெண் என்று நினைத்தேன்.

விசாலாட்சி.

கல்யாணப் பெண் மாப்பிள்ளை வரும்போது பாலத்தில் வந்து நிற்கலாமா? கூடாது. அவள் அம்மா பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்: “காலையிலேருந்து பூ வைக்க விட மாட்டேங்குறா. படகைக் கண்ணால பாத்தப்புறம்தான்னு ஒரே பிடிவாதம். போன தடவை ராவெல்லாம் அலங்காரத்தோட உக்காந்திருந்தவ...”

நான் பெரியப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தியது மட்டும் தெரிந்தது.

அவர்தான் முதலில் எழுந்தார். ஆடுகிற படகில் நின்றுகொண்டு அவளைப் பார்த்துச் சொன்னார்: “வந்துட்டோம் தாயி. போய்ப் பூ வச்சுக்க.”

மறுநாள் காலை முகூர்த்தம், குறித்த நேரத்தில். சுந்தரம் முதல் முடிச்சுப் போட்டான். மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, என்னுடையவை. மூன்றாவது முடிச்சை நான் கொஞ்சம் அழுத்தமாகவே போட்டேன். அப்புறம்தான் அவள் அழுதாள். நானும் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் அவளைச் சிரிக்கவைக்க, ஜெட்டியில் நடந்த வெற்றிலைப் பெட்டிக் கதையைச் சொன்னேன்.

திரும்பும் பயணத்துக்கு ஒரே ஒரு யோசனை. த்வாண்டே பானைகள் அழகானவை, விலையும் சகாயம். ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், போதும். எங்கள் சொந்தக்காரர்கள் ஊறுகாய் ஜாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை வாங்கி ஏற்றியதில், கோ சான் கழியைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார். பாதியை இறக்கிய பிறகுதான் எழுந்தார்.

மறுவீட்டுக்காகப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்களோடேயே கிளம்பினார்கள். மூட்டையெல்லாம் ஏறியாயிற்று, தண்ணீர் திரும்பத் தயாராக இருந்தது. பெரியப்பா வாசலில் உட்கார்ந்து பஞ்சாங்கத்தைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று யாரையோ கேட்டார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் விசாலாட்சி, தலை நிறையப் பூவோடு, அவர் பக்கத்தில் இருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். படகில் ஏறினாள். பெட்டியைத் தன் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க கெளம்பிட்டீக மாமா. மெல்ல வாங்க.”